வங்கியும் கரையும்: ஆங்கிலச் சொற்பட்டியல் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

ஆங்கிலச் சொற்பட்டியல் குழுவினருக்கு,

இந்தக் கல்வியாண்டில் ஆறாம் வகுப்பிலிருந்து ஒன்பதாம் வகுப்பு வரை உங்கள் பள்ளியில் கொடுத்திருக்கும் ‘ஒரு சொல், ஒரு பொருள்’ புத்தகத்தைப் பற்றி எழுதுகிறேன். அதோடு வந்த சுற்றறிக்கையையும் படித்தேன். ஆங்கில வகுப்புக்கு அகராதி கொண்டுவர வேண்டாம், பட்டியலில் உள்ள பொருளை மனப்பாடம் செய்தால் போதும், வாராந்தரத் தேர்வில் வேறு பொருள் எழுதினால் மதிப்பெண் கிடையாது என்று அதில் இருக்கிறது. காரணமாக நீங்கள் சொல்லியிருப்பது ஒரே வரி: பல பொருள் சொன்னால் பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள்.

பள்ளியின் பெயரை இங்கே எழுதவில்லை. தெரிய வேண்டியவர்களுக்குத் தெரியும். இதைப் பொதுவில் வைப்பதற்குக் காரணம், பெற்றோர் கூட்டத்தில் கேட்டவர்களுக்குக் கிடைத்த பதில்தான்: ‘சிலபஸ் கமிட்டி முடிவு, எங்க கையில எதுவும் இல்ல.’ சரி, கமிட்டியையே கேட்டுவிடலாம்.

உங்கள் பிள்ளைகள் பலர் மாலையில் என் வீட்டுத் திண்ணைக்கு டியூஷன் வருகிறார்கள். அவர்களுடைய நோட்டுகளைத் தினமும் புரட்டுகிறேன். குழப்பம் எங்கே பிறக்கிறது என்று எனக்குத் தெரிகிறது. அது பல பொருளில் பிறக்கவில்லை. உங்கள் பட்டியலில் பிறக்கிறது.

ஏழாம் வகுப்புப் பையன் ஒருவனின் தேர்வுத்தாள். ‘தி போட் ரீச்ட் தி பேங்க்’ என்று வாக்கியம் கொடுத்து, அடிக்கோடிட்ட சொல்லுக்குப் பொருள் கேட்டிருந்தார்கள். அவன் ‘கரை’ என்று எழுதியிருந்தான். சிவப்பு மையில் ஒரு சுழி, பக்கத்தில் பூஜ்யம், அதற்குக் கீழே திருத்தம்: வங்கி. கொள்ளிடக் கரையில் வளர்ந்த பையன் அவன். படகு எங்கே போய்ச் சேரும் என்று அவனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவன் டீச்சரிடம் போய்க் கேட்டிருக்கிறான். ‘கரைதான்ப்பா சரி, ஆனா கீ-யில வங்கின்னு இருக்கு’ என்றாராம். அந்த டீச்சர் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவருக்குத் தெரிந்ததைச் சொல்ல அவருக்கே அனுமதி இல்லை. அடுத்த வாரம் அதே பையன் பாடத்தில் ‘தி பேங்க் வாஸ் ஸ்லிப்பரி’ என்ற வரியைப் படித்துவிட்டு, ‘வங்கி வழுக்கலாக இருந்தது’ என்று கூசாமல் எழுதினான். ஏன்டா என்றேன். ‘கரைன்னு போட்டா மார்க் வராது மிஸ்.’

இன்னொன்று இதைவிட என்னை உலுக்கியது. எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி, கணக்கில் கெட்டிக்காரி. தனிவட்டிக் கணக்கு என்றால் பி, என், ஆர் என்று மளமளவென்று போட்டுவிடுவாள். அவள் அப்பா நகையை அடகு வைத்து வாங்கிய கடனுக்குக் கொடுத்த சீட்டு முழுக்க ஆங்கிலத்தில் இருந்தது. ‘இங்கிலீஷ் மீடியம்தானே படிக்கிறே, என்ன போட்டிருக்குன்னு சொல்லும்மா’ என்று நீட்டியிருக்கிறார். பிரின்சிபல், இன்ட்ரஸ்ட் இரண்டும் ஒரே வரியில் இருந்தன. உங்கள் பட்டியல்படி பிரின்சிபல் என்றால் பள்ளி முதல்வர், இன்ட்ரஸ்ட் என்றால் ஆர்வம். ‘முதல்வரையும் ஆர்வத்தையும் கட்டச் சொல்றாங்கப்பா’ என்று சொல்ல அவளுக்கே வெட்கமாக இருந்து, சீட்டை என்னிடம் எடுத்துவந்தாள். வருடம் முழுக்க அவள் போட்ட கணக்கில் ‘பி’ என்ற எழுத்துக்கு உரிய சொல்தான் தன் கையில் இருக்கும் சீட்டிலும் இருக்கிறது என்று அவளுக்குத் தெரியவில்லை. கணக்கு வாத்தியார் ஒன்று சொல்கிறார், இங்கிலீஷ் பட்டியல் ஒன்று சொல்கிறது, இரண்டும் ஒரே சொல் என்று சொல்ல ஆள் இல்லை.

அன்றைக்கு அவளிடம் சொன்னதையே உங்களிடமும் சொல்கிறேன். பிரின்சிபல் என்பது லத்தீனில் ‘முதன்மையான’ என்ற பொருளுள்ள சொல்லிலிருந்து வந்தது. பள்ளிக்கு முதலாக இருப்பவர் பிரின்சிபல், கடனில் முதலாகக் கொடுத்த தொகையும் பிரின்சிபல். தமிழில் நாம் என்ன செய்திருக்கிறோம்? பள்ளிக்கு முதல்வர், கடனுக்கு முதல். ‘வட்டியும் முதலுமாகத் திருப்பிக் கொடு’ என்று சொல்லாத வீடு உண்டா? இரண்டு மொழியும் ஒன்றையொன்று கேட்காமலே ஒரே வழியில் நடந்திருக்கின்றன. இதைச் சொன்னதும் அந்தப் பெண் சிரித்த சிரிப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். அந்தச் சொல் இனி அவளுக்கு மறக்காது, மனப்பாடமும் தேவையில்லை.

இன்ட்ரஸ்ட் கதை இன்னும் சுவையானது. ‘இன்டரெஸ்ஸே’ என்ற லத்தீன் சொல்லுக்கு ‘இடையில் இருப்பது’ என்று பொருள். அதிலிருந்து ‘பொருட்டாக இருப்பது, அக்கறைக்குரியது’ என்று நீண்டது. இடைக்கால ஐரோப்பாவில் வட்டி வாங்குவதைத் திருச்சபை பாவம் என்று தடுத்திருந்தது. ஆனால் கடன் கொடுத்தவன் பணம் குறித்த நேரத்தில் திரும்பி வராததால் நட்டப்பட்டால் அதற்கு ஈடு கேட்கலாம். அவன் இருக்க வேண்டிய நிலைக்கும் இருக்கும் நிலைக்கும் இடையிலுள்ள அந்த ஈட்டுத்தொகைக்கு இந்தச் சொல்லைப் பயன்படுத்தினார்கள். வட்டி என்று சொன்னால் பாவம், இன்ட்ரஸ்ட் என்று சொன்னால் நியாயம். அந்தச் சாமர்த்தியம்தான் இன்றுவரை வங்கிப் பாஸ்புக்கில் உட்கார்ந்திருக்கிறது. ஆர்வமும் அதே சொல்லின் இன்னொரு கிளை. எனக்கு அக்கறை உள்ளது எதுவோ அதில் எனக்கு இன்ட்ரஸ்ட்.

பிள்ளைகள் குழம்பிவிடுவார்கள் என்கிறீர்களே, அதைச் சோதித்தும் பார்த்தேன். உங்கள் பட்டியலில் சார்ஜ் என்பதற்குக் ‘கட்டணம்’ என்று மட்டும் இருக்கிறது. திண்ணையில் உட்கார்ந்திருந்தவர்களிடம், இந்தச் சொல்லை எங்கெங்கே கேட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ‘போன்ல சார்ஜ் இல்ல.’ ‘பஸ் சார்ஜ் ஏத்திட்டாங்க.’ ‘லத்தி சார்ஜ்.’ ‘எங்க பெரியப்பா ரேஷன் கடை இன்சார்ஜ்.’ ‘புது ஹெச்.எம். சார்ஜ் எடுத்துக்கிட்டார்.’ ‘போலீஸ் சார்ஜ் ஷீட் போட்டாங்க.’ எல்லாம் மளமளவென்று வந்தன. ஒருவனும் குழம்பவில்லை. லத்தி சார்ஜ் என்றால் லத்திக்குக் கட்டணம் என்று நினைத்த பிள்ளை அங்கே இல்லை. பள்ளிக்கூடமே போகாத அவர்கள் பாட்டிகளும் இதையெல்லாம் தடுமாறாமல் சொல்கிறார்கள்.

இத்தனைக்கும் அடியில் இருப்பது ஒரு வண்டி. பழைய ரோமானியர்கள் ‘கர்ருஸ்’ என்று ஒரு சக்கர வண்டியைச் சொன்னார்கள். அவர்களே, இன்றைய பிரான்ஸ் பக்கத்தில் வாழ்ந்த ‘கால்’ என்ற இனத்தாரிடமிருந்து வாங்கிய சொல் அது. இன்றைய கார் அதன் பேரப்பிள்ளை. வண்டியில் பாரம் ஏற்றுவதைக் குறித்த வினையிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக வந்ததுதான் சார்ஜ். ஆள் மேல் பொறுப்பை ஏற்றினால் இன்சார்ஜ். குற்றத்தை ஏற்றினால் சார்ஜ் ஷீட். செலவை ஏற்றினால் கட்டணம். துப்பாக்கியில் மருந்தை ஏற்றியதும் சார்ஜ், பிற்பாடு பேட்டரியில் மின்சாரத்தை ஏற்றியதும் சார்ஜ். நம் ஊரில் பொறுப்பைச் ‘சுமத்துகிறோம்’, குற்றம் ‘சுமத்துகிறோம்’, வரியைத் தலையில் ‘சுமத்துகிறார்கள்’. இவ்வளவையும் தமிழில் தினமும் பேசும் பிள்ளைக்கு ஆங்கிலத்தில் அதே விஷயம் புரியாது என்று எப்படி முடிவு கட்டினீர்கள்? கப்பல் சரக்கைச் சொல்லும் கார்கோவும், ஒருவரின் மூக்கின் மேல் கூடுதலாக ‘ஏற்றி’ வரையும் கேரிகேச்சரும் இதே வண்டியிலிருந்து இறங்கியவைதான் என்பதையும் சொன்னேன். அன்று பாடம் முடிந்த பிறகும் யாரும் எழுந்து போகவில்லை.

ஏற்றியதை இறக்கினால் டிஸ்சார்ஜ். இந்தச் சொல்லால் நடந்த ஒன்றைச் சொல்ல வேண்டும். என்னிடம் படித்துவிட்டு நர்சிங் சேர்ந்த பெண், பயிற்சிக்கு வார்டுக்குப் போன தொடக்க நாட்கள். கேஸ் ஷீட்டில் காயத்தில் டிஸ்சார்ஜ் இல்லை என்று டாக்டர் எழுதியிருக்கிறார். புண்ணில் சீழோ நீரோ வடியவில்லை, ஆறிவருகிறது என்று அர்த்தம், நல்ல செய்தி. இவள் படித்திருந்தது டிஸ்சார்ஜ் என்றால் விடுவித்தல், அவ்வளவுதான். நோயாளியின் மனைவியிடம் ‘இன்னிக்கு டிஸ்சார்ஜ் கிடையாதாம்’ என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மா வீட்டுக்குப் போக மூட்டை கட்டி வைத்திருந்தவர், என்னமோ ஆகிவிட்டது என்று அங்கேயே உட்கார்ந்து அழுதிருக்கிறார். ஸ்டாஃப் நர்ஸ் வந்து சமாதானம் செய்து, இவளுக்கும் நல்ல டோஸ் கிடைத்தது. உயிர்போகும் விஷயம் இல்லைதான். ஆனால் ஒரு சொல்லுக்கு ஒரு பொருள் என்று பழகிய மூளை நாளைக்கு மருந்துச் சீட்டையும் அப்படித்தானே படிக்கும்?

இஷ்யூ என்ற சொல்லையும் கொஞ்சம் பாருங்கள். நம் ஊரில் ‘ஒரு சின்ன இஷ்யூ’ என்றால் தகராறு. பத்திரிகைக்காரர்களுக்கு அது இதழ். ரேஷன் கார்டை இஷ்யூ செய்கிறார்கள். பழைய சொத்துப் பத்திரத்தில் ‘டைட் வித்தவுட் இஷ்யூ’ என்று இருந்தால், எந்தத் தகராறும் இல்லாமல் செத்துப்போனார் என்று அர்த்தம் இல்லை, பிள்ளை இல்லாமல் இறந்தார் என்று அர்த்தம். சட்டம் படிக்காத குடும்பங்கள் இந்த ஒரு வரியில் தடுக்கி விழுவதைப் பார்த்திருக்கிறேன். சொல்லின் அடி ‘வெளியே போவது’. எக்ஸிட் என்று சினிமாக் கொட்டகைக் கதவுமேல் எரிகிறதே, அதே லத்தீன் வேர். வயிற்றிலிருந்து வெளியே வந்தது பிள்ளை, அச்சகத்திலிருந்து வெளியே வந்தது இதழ், ஆபீசிலிருந்து வெளியே வந்தது கார்டு.

போர்டும் அப்படித்தான். மரப்பலகை என்பதுதான் அடிப்பொருள். பலகையை மேசையாகப் போட்டுச் சோறு வைத்தார்கள், அதனால் சாப்பாட்டுக்கே போர்டு என்று பெயர் வந்தது. நம் ஊர் பஸ் ஸ்டாண்டு எதிரே ‘போர்டிங் அண்ட் லாட்ஜிங்’ என்று எழுதியிருப்பது அதனால்தான். மேசையைச் சுற்றி உட்கார்ந்து முடிவெடுத்தவர்கள் இன்னொரு போர்டு. ஹவுசிங் போர்டும் போர்டு எக்ஸாமும் அந்த வழி வந்தவை. உங்கள் பட்டியலில் போர்டு என்றால் ‘பலகை’. பத்தாம் வகுப்பில் பலகைத் தேர்வு எழுதப்போகிறோமா என்று ஒரு வாலு கேட்டான், பதில் சொல்ல முடியவில்லை.

எல்லாச் சொல்லும் இப்படி ஒரே வேரிலிருந்து கிளைத்தவை அல்ல என்பதும் பிள்ளைகளுக்குத் தெரிய வேண்டும். சில சொற்கள் ஊர் பேர் தெரியாத இரண்டு பேர் ஒரே பெயரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி. பென் என்ற எழுதுகோல் லத்தீனில் இறகைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது, இறகால் எழுதிய காலம் அது. ஆட்டுப்பட்டியைக் குறிக்கும் பென் பழைய ஆங்கிலச் சொல், இரண்டுக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை. பென்சிலாவது பென்னுக்குச் சொந்தமா என்றால் அதுவும் இல்லை. ‘சின்ன வால்’ என்று பொருள்பட்ட, தூரிகைக்கான லத்தீன் சொல் அது. விளையாட்டு மேட்ச் ‘இணை, ஜோடி’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லின் வழி வந்தது, தீக்குச்சி மேட்ச் விளக்குத்திரியைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல். பேரீச்சம்பழ டேட் கிரேக்கத்தில் விரலைக் குறித்த சொல்லின் வழி வந்தது. காலண்டர் டேட் லத்தீனில் ‘கொடுக்கப்பட்டது’ என்ற சொல், ரோமானியர்கள் கடிதத்தில் இன்ன நாளில் இன்ன ஊரில் கொடுக்கப்பட்டது என்று எழுதிய வழக்கத்திலிருந்து வந்தது. பிள்ளைகள் தினமும் தீர்ந்துபோச்சு என்று புலம்பும் டேட்டாவும் அந்தக் ‘கொடுக்கப்பட்டவை’தான். பேங்க் விஷயம் இன்னும் வேடிக்கை. ஆற்றங்கரை பேங்க் ஸ்காண்டிநேவியப் பக்கத்திலிருந்து வந்தது. பண பேங்க் இத்தாலியில் காசு மாற்றுபவர்கள் போட்டு உட்கார்ந்த மேசையிலிருந்து வந்தது. ஆனால் நெடுந்தூரம் பின்னால் போனால் இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரில் போய் முட்டுகின்றன. நம் பையன் எழுதிய கரைக்குப் பூஜ்யம் போட்டீர்களே, அந்த வங்கிக்கு அது தூரத்துப் பங்காளி.

பல பொருள் உள்ள சொல்லை எப்படிப் பிரித்தறிவது என்று பிள்ளைகளுக்குச் சொல்லித்தர நீங்கள் வெளிநாட்டு முறை எதையும் தேட வேண்டாம். தொல்காப்பியம் சொல்லதிகாரத்தில், கிளவியாக்கம் என்ற முதல் இயலிலேயே இது இருக்கிறது. ‘வேறுபடு வினையினும் இனத்தினும் சார்பினும் தேறத் தோன்றும் பொருள்தெரி நிலையே’ என்கிறார் தொல்காப்பியர். உடன் வரும் வினையைப் பார், கூட நிற்கும் சொற்களைப் பார், சொல்லும் இடத்தைப் பார், பொருள் தெளியும். மா பூத்தது என்றால் மரம், மா ஓடியது என்றால் விலங்கு. மா விழுந்தது என்றால் எது என்று தெரியாது, அப்போது சொல்பவன்தான் தெளிவாகச் சொல்ல வேண்டும். அதற்கும் அடுத்தாற்போலவே நூற்பா இருக்கிறது. ‘தி போட் ரீச்ட் தி பேங்க்’ என்ற வாக்கியத்தில் போட் என்ற இனம் இருக்கிறது, சேர்ந்தது என்ற வினை இருக்கிறது. பையன் இரண்டையும் பார்த்துத்தான் கரை என்று எழுதினான். தொல்காப்பியர் முழு மதிப்பெண் போட்டிருப்பார்.

மனப்பாடமே கூடாது என்றும் நான் சொல்லவில்லை. அந்தக் காலத் திண்ணைப் பள்ளிக்கூடங்களில் நிகண்டு என்ற செய்யுள் அகராதியை மனப்பாடம்தான் செய்தார்கள். ஆனால் அந்த நிகண்டில் ‘ஒருசொல் பல்பொருள் பெயர்த்தொகுதி’ என்று தனிப் பகுதியே உண்டு. ஒரு சொல்லின் பல பொருளையும் செய்யுளாகக் கட்டிக் கொடுத்தார்கள். நீங்கள் மனப்பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு மீதியை விட்டுவிட்டீர்கள்.

‘அப்படியானால் ஆறாம் வகுப்புப் பிள்ளை எத்தனை பொருளைத்தான் படிக்கும்?’ என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. 1884 தொடங்கி 1928 வரை பகுதி பகுதியாக வெளிவந்த ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கிலப் பேரகராதியை இப்போது மறுபடி திருத்திவருகிறார்கள். அதில் ரன் என்ற சொல்லுக்கு, வினைச்சொல்லாக மட்டும், 645 பொருள்களைப் பிரித்திருக்கிறார்கள். பீட்டர் கில்லிவர் என்ற அகராதிக்காரர் அந்த ஒரு சொல்லோடு ஏறக்குறைய ஒன்பது மாதம் உட்கார்ந்திருந்தார். அந்த 645-ஐயும் பிள்ளை தலையில் ஏற்றுங்கள் என்று யாரும் கேட்கவில்லை. வாக்கியத்தோடு இரண்டு பொருள், தேவைப்பட்டால் மூன்று. அதுவும் அதே வருடத்துக் கணக்கு, அறிவியல் புத்தகத்தில் வருகிற பொருளாகப் பார்த்துக் கொடுங்கள். சொல்யூஷன் என்றால் உங்கள் பட்டியலில் தீர்வு. அறிவியல் டீச்சர் உப்புக் கரைசலைக் காட்டி சொல்யூஷன் என்கிறார். மீன் என்ற ஆங்கிலச் சொல் உங்களுக்குப் ‘பொருள்படு’, கணக்கு வாத்தியாருக்குச் சராசரி. செல், வால்யூம், பவர், ரூட், டேபிள் என்று இந்த வரிசை நீளும். ஒரே கட்டடத்தில் அடுத்தடுத்த அறையில் இருக்கும் ஆசிரியர்கள் ஒரு மதியம் சேர்ந்து உட்கார்ந்தால் முடிகிற வேலை.

பொருளும் காலத்தோடு நகரும் என்பதையாவது பிள்ளைகள் அறியட்டும். நைஸ் என்பதற்கு ‘இனிய’ என்று கொடுத்திருக்கிறீர்கள். லத்தீனில் அது ‘அறியாத’ என்ற சொல். ஆங்கிலத்துக்கு வந்தபோது முட்டாள் என்று பொருள், பிறகு நுணுக்கம் பார்க்கிற, மென்மையான என்றெல்லாம் அலைந்துதான் இனிமைக்கு வந்தது. நம் வீடுகளில் மாவை நைஸாக அரைக்கிறோம், வேலை வந்தால் நைஸாக நழுவுகிறோம். இதில் எந்த நைஸுக்கும் உங்கள் பட்டியலில் இடமில்லை.

அடுத்து, புத்தகத்தில் பக்கத்துக்குப் பக்கம் கட்டம் போட்டு ‘சொல் பிறந்த கதை’ என்று அச்சிட்டிருக்கிறீர்களே, அதைப் பற்றி. சொல்லின் பொருளில் அத்தனை கறாராக இருக்கும் குழு, பிறப்பில் இத்தனை தாராளமாக இருப்பது ஆச்சரியம். நியூஸ் என்பது வடக்கு, கிழக்கு, மேற்கு, தெற்கு என்பவற்றின் ஆங்கில முதலெழுத்துகள் என்று போட்டிருக்கிறீர்கள். கிடையாது. நியூ என்றால் புதிது, நியூஸ் என்றால் புதியவை, பிரெஞ்சில் இருந்த வழக்கைப் பார்த்து இடைக்கால ஆங்கிலத்தில் வந்த பன்மை. பகட்டானது என்ற பொருளுள்ள போஷ், இந்தியாவுக்கு வந்த கப்பல்களில் வரும்போது இடப்பக்க அறை, திரும்பும்போது வலப்பக்க அறை (‘போர்ட் அவுட், ஸ்டார்போர்ட் ஹோம்’) என்று டிக்கெட்டில் குத்திய முத்திரையின் முதலெழுத்துச் சுருக்கம் என்று இன்னொரு கட்டம். அப்படி ஒரு டிக்கெட் இதுவரை எங்கும் கிடைக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வருவதைப் பாடப்புத்தகத்தில் போட்டால் பிள்ளை எதை நம்பும்?

கேஷ் என்பது நம் காசுதான் என்கிற கட்டத்தைப் பார்த்தபோது, தமிழர் மனசு எனக்கும் ஒரு நிமிஷம் குளிர்ந்தது. ஆனால் அதிலும் பாதிதான் உண்மை. இன்று உலகம் முழுக்கப் பணத்தைக் குறிக்கும் கேஷ், பெட்டியைக் குறித்த பிரெஞ்சு, இத்தாலியச் சொல்லிலிருந்து வந்தது. முதலில் பணப்பெட்டி, பிறகு பெட்டிக்குள் இருந்த பணம். ஆங்கிலத்தில் இன்னொரு கேஷ் உண்டு. ஆசியாவின் சிறு நாணயங்களைக் குறித்தது. அதுதான் போர்த்துகீசியர் வழியாகப் போன நம் காசு. சென்னை ராஜதானியில் 80 காசு ஒரு பணம், 42 பணம் ஒரு வராகன் என்று கணக்கு ஓடியது. சென்னைக்காக இங்கிலாந்தில் அடித்த 10 காசு, 20 காசு நாணயங்களை ஏற்றிக்கொண்டு கிளம்பிய அட்மிரல் கார்ட்னர் என்ற கப்பல் 1809 ஜனவரியில் கென்ட் கரைக்கு அப்பால் மணல்திட்டில் மோதி மூழ்கியது. பிற்காலத்தில் மூழ்கி எடுத்த அந்த நாணயங்களில் ஆங்கிலத்தில் கேஷ் என்றே பொறித்திருக்கிறது. உண்மைக் கதையே இவ்வளவு நன்றாக இருக்கும்போது இட்டுக்கட்டியது எதற்கு?

நம் பெருமைக்கும் குறைவில்லை. கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர், வெட்டிவேர் எல்லாம் ஆங்கில அகராதியில் ஏறி உட்கார்ந்திருக்கின்றன. போன இடத்தில் அவையும் பல பொருள் பெற்றிருக்கின்றன. அங்கே கட்டமரான் என்றால் இன்று இரட்டை உடல் கொண்ட படகு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சண்டைக்காரப் பெண்ணையும் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள், அதன் முதலசையான ‘கேட்’ ஆங்கிலத்தில் பூனையைக் குறித்ததால் இருக்கலாம். மிளகுத்தண்ணீர் அங்கே போய்க் கறி போட்ட சூப்பாகிவிட்டது.

பெருமைப்பட முடியாத ஒன்றும் உங்கள் பட்டியலில் இருக்கிறது. பறை முழக்கிய மக்களின் பெயரை எடுத்துக்கொண்டு, ‘ஒதுக்கப்பட்டவன்’ என்ற பொருளில் ஆங்கிலம் வைத்திருக்கும் சொல். ஒன்பதாம் வகுப்புப் பட்டியலில் அதற்கு ‘சமூகத்தால் ஒதுக்கப்பட்டவன்’ என்று மட்டும் போட்டு, தேர்வுக்கும் வைத்திருக்கிறீர்கள். அந்த வகுப்பில் யார் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்களுக்குத் தெரியும். சொல் எங்கிருந்து போனது, யார் பெயர் அது, வெள்ளைக்காரன் எதைப் பார்த்து அந்தப் பொருளைக் கொடுத்தான் என்று ஒரு வார்த்தை இல்லை. நியூசுக்கு நாலு திசை தேடியவர்களுக்கு இதற்குக் கட்டம் போட இடம் கிடைக்கவில்லை. ஒரு பெண் அதை உரக்கப் படிக்கும்போது குரல் தாழ்ந்ததை நான் கேட்டேன். வேறு எதையும் விட்டுக்கொடுத்தாலும் இதை விட்டுக்கொடுக்க மாட்டேன்.

ஆகவே என் கோரிக்கைகள்.

பட்டியலில் இல்லாத, ஆனால் வாக்கியத்துக்குப் பொருந்துகிற பொருளை எழுதினால் மதிப்பெண் இல்லை என்ற விதியை உடனே திரும்பப் பெறுங்கள். இந்த வருடம் அந்த விதியால் பூஜ்யம் வாங்கிய விடைகளை மறுபடி திருத்தி, மதிப்பெண்ணைப் பதிவேட்டில் ஏற்றுங்கள். கொள்ளிடக்கரைப் பையனுடைய தாளிலிருந்து தொடங்கலாம்.

அகராதிக்குப் போட்ட தடையை நீக்குங்கள். பிள்ளைகள் சுமக்க வேண்டாம் என்றால் வகுப்புக்கு இரண்டு அகராதி வாங்கி மேசைமேல் வையுங்கள். விளையாட்டு விழாவுக்குப் பந்தல் போடும் செலவில் பாதிகூட ஆகாது.

அடுத்த பதிப்பில் எந்தச் சொல்லையும் தனியாகப் போடாமல் வாக்கியத்தோடு போடுங்கள். கணக்கு, அறிவியல், சமூக அறிவியல் ஆசிரியர்களையும் குழுவில் சேர்த்து, அவரவர் பாடத்தில் வேறு பொருளில் வரும் சொற்களை அவர்களே குறித்துத் தரட்டும். ஆங்கில ஆசிரியர்கள் விடைக்குறிப்பைத் தாண்டி, தங்களுக்குச் சரி என்று தெரிந்த விடைக்கு மதிப்பெண் போடலாம் என்று எழுத்தில் அனுமதி கொடுங்கள்.

‘சொல் பிறந்த கதை’ கட்டங்களை நல்ல சொற்பிறப்பு அகராதியோடு ஒத்துப் பார்க்கும்வரை வகுப்பில் நடத்த வேண்டாம் என்று சொல்லுங்கள். ஒன்பதாம் வகுப்புப் பட்டியலில் நான் சொன்ன அந்தச் சொல்லை அரையாண்டுத் தேர்விலிருந்து இப்போதே எடுங்கள். பிறகு வைப்பதாக இருந்தால் அதன் வரலாற்றோடு வையுங்கள், இல்லையென்றால் வைக்காதீர்கள்.

பதிலை எனக்கு அனுப்ப வேண்டாம். அரையாண்டுத் தேர்வு தொடங்கும் முன், முதல் சுற்றறிக்கை போன அதே வழியில், எல்லாப் பெற்றோருக்கும் அனுப்புங்கள். தமிழில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
உங்கள் பிள்ளைகளுக்கு மாலையில் டியூஷன் எடுப்பவள்